நடனம் மட்டும் பாக்கி

என் மகள் இண்டி போட்ட ஒரு தப்புக் கணக்கு தேசத்தின் சொத்தாகிவிட்ட செய்தி, நான் பள்ளிக்கூட பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது வந்தது. அவளுடைய ஏழாம் வகுப்பு ஆசிரியர் ஹாமிஷ் பின்னாலிருந்து ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். இன்னும் ஓரடி எடுத்திருந்தால் மனுஷன் டயருக்குள் போயிருப்பார். போயிருந்தால் எல்லோருக்குமே எவ்வளவோ நிம்மதி என்று பிற்பாடு எனக்குத் தோன்றியதுண்டு.

“நரெல், ஆணையத்துலேருந்து போன் வந்துச்சு. இண்டியோட வேலிக் கணக்கை எடுத்துக்கிட்டாங்க.”

“அதை நீங்கதானே சிவப்புல சுழிச்சு விட்டீங்க? ஆட்டுப்பட்டிக்கு வேலி போடச் சொன்னா ஒரு பக்கத்தை அப்படியே விட்டுட்டான்னு.”

“அதான் விசேஷமே. ரொம்பத் தப்பும் இல்ல, முழுசா சரியும் இல்ல. சரியான அளவுக்குத் தப்பு.” அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. “நாட்டுக்கே நடு, நரெல். நம்ம இண்டி.”

ஆணையத்தைப் பற்றித் தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். தலைநகரத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் அது இருக்கிறது. நாடு முழுக்கப் பிள்ளைகள் எழுதியதை வரவழைத்து, பாடத்துக்கு மூன்று மாதிரியாக எடுத்து வைத்துக்கொள்ளும். ஒன்று தரத்துக்கு மேல், ஒன்று தரத்துக்குக் கீழ், நடுவில் ஒன்று ‘திருப்திகரம்’. ஒவ்வொன்றின் ஓரத்திலும் கட்டம் கட்டிக் குறிப்பு எழுதும். அதன்பிறகு பெர்த்திலிருந்து பிரிஸ்பேன் வரை எந்த ஆசிரியரும் தன் கண்ணை நம்ப வேண்டியதில்லை. பிள்ளை எழுதியதை மாதிரிக்குப் பக்கத்தில் வைத்து, துணிக்கடையில் நிறம் பார்ப்பதுபோல் பார்த்து மார்க் போட்டால் போதும்.

எங்கள் பிர்ரனூக்கிலிருந்து அதுவரை வெளியே போனது கோதுமையும் பிழைக்கத் தெரிந்தவர்களும்தான். அதனால் ஊருக்குத் தலைகால் புரியவில்லை. பேக்கரி ஜன்னலில் ‘திருப்திகரமான இண்டிக்கு வாழ்த்துகள்’ என்று தாள் ஒட்டினார்கள். என் புருஷன் டாரில், மழை பெய்தால்கூடச் சிரிக்காத ஆள், பப்பில் எல்லோருக்கும் பியர் வாங்கிக் கொடுத்தான். நானும் பெருமைப்பட்டேன். எதற்குப் பெருமைப்பட்டேன் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

அடுத்த வாரம் வெள்ளைக் கார் வந்தது.

இறங்கியவர் டாக்டர் பெட்ரா விண்ட்லர், ஆணையத்தின் மாதிரிப் பிரிவுத் தலைவி. மெல்லிய குரல், கஞ்சி போட்ட சட்டை, கையில் ஒரு டேப்லெட். மற்றப் பாடங்களில் இண்டி செய்ததையும் பார்க்க வேண்டும் என்றார். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்ததையும், கராஜில் அட்டைப் பெட்டியில் கிடந்ததையும் எடுத்துவந்து சமையலறை மேசையில் பரப்பினேன்.

ஆங்கிலத்துக்கு, கேன்டீனில் கறி அடைத்த மீட் பை விற்பதை ஏன் நிறுத்தக் கூடாது என்று ஒரு கட்டுரை, இரண்டு காரணங்களும் பாதியில் நின்ற மூன்றாவதும். வரலாற்றுக்கு, எகிப்து மம்மியின் மூக்கு வழியாக மூளையை எடுக்கும் படம். மூக்கு பிரமாதம், மற்றதெல்லாம் சுமார். புவியியலுக்கு, கடலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்ட ஒரு மர்ரி ஆறு. உடல்நலத்துக்கு, வெயிலில் தொப்பி போடச் சொல்லும் சுவரொட்டி, அதில் தொப்பி போடாத ஒரு சூரியன். ஓவியத்துக்கு ஒரு காதோடு அவளுடைய முகம். தொழில்நுட்பத்துக்கு அவளே கம்பி வளைத்துச் செய்த டோஸ்ட் சுடும் கருவி, ஒரு பக்கம் மட்டும் சுடும். கடைசியாக அறிவியல். எங்கள் நிலத்தின் பள்ளப் பக்கம் உப்புப் பூத்துக் கிடக்கும். அந்த வெள்ளை மாதாமாதம் எவ்வளவு பரவுகிறது என்று அவள் அளந்து போட்ட அட்டவணை.

டாக்டர் விண்ட்லர் லாமிங்டன் கேக்கைக் கையில் எடுத்தவர் கடிக்க மறந்துவிட்டார்.

“எல்லாத்துலயும் நடு,” என்றார். “வழக்கமா பாடத்துக்கு ஒரு பிள்ளையாத் தேடிப் பிடிப்போம். ஒரே பிள்ளைகிட்ட இப்படி ஒரு நடுவை நான் பாத்ததே இல்லம்மா.”

அங்கேயே டேப்லெட்டில் அறிவியலுக்குக் குறிப்பு எழுதி எனக்கும் காட்டினார். ‘மாணவி கவனமாக அளக்கிறார். ஏன் என்று கேட்கவில்லை. திருப்திகரம்.’

“இனிமே ஒரு சின்ன வேண்டுகோள்தான்,” என்றார். “இண்டி நகரக் கூடாது.”

“எங்க நகரக் கூடாது? லீவுக்கு அடிலெய்டு போவோம்.”

“ஊருக்குப் போகலாம். படிப்புல நகரக் கூடாது. மேலயும் வேண்டாம், கீழயும் வேண்டாம். நாடே அவளைப் பக்கத்துல வெச்சு மார்க் போடப்போகுது. அவ மாறிட்டா நாளைக்கு அத்தனை பிள்ளைங்க மார்க்கும் பொய்யாயிடும் இல்லயா?”

“பிள்ளைன்னா வளராதா?”

“வளரட்டும். உயரம் எங்க துறை இல்ல.” பிறகு பெருமையாக ஒரு படத்தைக் காட்டினார். ஏழாம் வகுப்புச் சீருடையில் ஒரு வாலிபன், குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயை இடிக்க உட்கார்ந்திருந்தான். “இது ஜாரெட். எங்க ‘கீழ்’ மாதிரி. சேந்தப்போ சின்னப் பையன். இப்ப ஷேவ் பண்றான், அவனே கார் ஓட்டிக்கிட்டு ஏழாம் வகுப்புக்கு வர்றான். இன்னிக்கு வரைக்கும் ஒரு வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வெச்சதில்ல. அப்படி ஒரு கடமை உணர்ச்சி.”

ஜாரெட் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பும் பாதியில் நின்றிருந்தது.

“தப்பித் தவறி நகந்துட்டா?” என்று கேட்டேன்.

“பயப்படாதீங்க. நிலைப்படுத்தும் விடுதின்னு ஒண்ணு வெச்சிருக்கோம். நல்ல சாப்பாடு. பழைய பாடத்தையே திரும்பத் திரும்ப எழுத வெச்சுப் பழைய இடத்துக்கே கொண்டாந்துடுவோம். அப்பா அம்மா கிறிஸ்துமஸுக்கு வந்து பாக்கலாம்.” கேக்கை வைத்துவிட்டு எழுந்தார். “ஜாரெட் நிரந்தரம். இண்டி இப்போதைக்குத் தற்காலிகம்தான். எல்லாப் பாடமும் சேந்தாத்தான் நிரந்தரம். நடனமும் ஒரு பாடம்தானே, அவ கோப்புல நடனம் மட்டும் பாக்கி. இந்தப் பள்ளிக்கூட வருஷம் முடியறதுக்குள்ள அது கிடைக்கலேன்னா, கோப்பைக் கிழிச்சுட்டு வேற பிள்ளையைத் தேட வேண்டியதுதான். அது ரொம்பத் துரதிர்ஷ்டம்.”

அவர் துரதிர்ஷ்டம் என்று சொன்னதை நான் கயிறாகப் பிடித்துக்கொண்டேன். டிசம்பர் வரை என் மகள் ஆடக் கூடாது, படித்துவிட்டாள் என்று யாருக்கும் தெரியவும் கூடாது. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரேடியோ பாடவில்லை. டாரிலுக்கு எதையாவது முணுமுணுத்தபடி பூட்ஸ் காலால் தாளம் போடும் பழக்கம். வாசலிலேயே பூட்ஸைக் கழற்ற வைத்தேன். இண்டியின் கணுக்காலுக்கு, சுளுக்கு என்று சொல்லிக் கட்டுப் போட்டேன். ஆணையம் ஒரு ஸ்பீக்கர் பெட்டியை அனுப்பிப் பள்ளி ஹாலில் பாட்டுப் போட்டுப் பார்த்தது. மற்றப் பிள்ளைகள் குதித்துத் தீர்த்தன. இண்டி தபால்பெட்டி மாதிரி நின்றாள்.

நெட்பால் இறுதி ஆட்டத்தில்தான் என் உயிர் போய் வந்தது. கடைசிப் பந்தை வளையத்துக்குள் போட்டதே இண்டிதான். எல்லாப் பெண்களும் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் டாக்டர் விண்ட்லர் டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இண்டி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். அவள் இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். கோச் ஓடிவந்து எங்கேயாவது அடிபட்டதா என்று கேட்டார். டாக்டர் விண்ட்லர் டேப்லெட்டை இறக்கினார். கோப்பையை ஜெயித்த பிள்ளைக்குக் குதிக்கக் கூடாது என்று சொன்ன தாய் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் நடந்தது இதைவிட மோசம். இண்டி தன் வேலிக் கணக்கை ஒருநாள் மறுபடி பார்த்திருக்கிறாள்.

“சார், நான் ஒரு பக்கத்தை விட்டுட்டேன்.”

“இல்ல, விடல,” என்றாராம் ஹாமிஷ்.

“விட்டிருக்கேன் சார். எண்ணிப் பாருங்க.”

“இண்டி, தயவுசெஞ்சு எண்ணாத.”

அதற்குப் பிறகு வகுப்பில் புதுப் பாடம் ஆரம்பித்தால் அவளை வராந்தாவுக்கு அனுப்பிவிடுவார். அங்கே உட்கார்ந்து மம்மிக்கு வர்ணம் அடிக்க வேண்டும். ஒருநாள் சாயங்காலம் அவர் பஸ்ஸில் ஏறி என் பின்னால் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

“இன்னிக்கு அவ கை தூக்குனா, நரெல். நான் பாக்காத மாதிரி போர்டையே பாத்துக்கிட்டு நின்னேன். தூக்குன கையை எறக்கவே இல்ல. கடைசில வலிச்சுப் போய் அவளா எறக்கிக்கிட்டா. நான் வாத்தியார் வேலைக்கு இதுக்கா வந்தேன்?”

“அப்ப கேக்க வேண்டியதுதானே? கேட்டா என்ன?”

“கேட்டுப் பதில் சொல்லிட்டான்னா? விடுதிக்கு அனுப்பற தாள்ல நான்தான் கையெழுத்துப் போடணும்.”

டாக்டர் விண்ட்லர் மாதம் தவறாமல் வந்தார். பிள்ளை நகர்ந்திருக்கிறாளா என்று பார்ப்பதற்கு. வந்தவர் சும்மா இருப்பாரா? கண்ணில் படுவதற்கெல்லாம் ஓரத்தில் கட்டம் கட்டினார். என் பிறந்தநாளுக்கு இண்டி செய்து கொடுத்த வாழ்த்து அட்டை புத்தக அலமாரியில் இருந்தது. அதைப் படம் பிடித்துக் குறிப்பு எழுதினார். ‘அன்பு தெளிவாகச் சொல்லப்படுகிறது. ஆதாரம் போதாது. திருப்திகரம்.’

இண்டிக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது. சாப்பாட்டு மேசையில் ஆட்டுக்கறியைக் கடித்துவிட்டு, “சுவை இருக்கு. காரணம் விளக்கப்படல. திருப்திகரம்,” என்றாள். டாரில் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவளும் சிரிக்கவில்லை.

ஒருமுறை பொறுக்க முடியாமல் டாக்டர் விண்ட்லரைக் காரடியில் மறித்துக்கொண்டேன்.

“என் பொண்ணை விட்டுடுங்க. வராந்தாவுல உக்காந்து உக்காந்து அவ முகமே செத்துப்போச்சு. படிக்க அனுப்பின பிள்ளையைப் படிக்க விடாம வெச்சிருக்கீங்க, இது உங்களுக்கே நல்லாருக்கா?”

அவர் மரியாதையாகக் கேட்டு முடித்து, டேப்லெட்டில் தட்டினார். “வாய்வழி வாதம். உணர்ச்சி வலுவா இருக்கு. ரெண்டு காரணம் சொன்னீங்க. மூணாவது ஏதாவது சேத்துக்கறீங்களா?”

சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் அங்கேயே நின்று மூன்றாவது காரணம் யோசித்தேன். யோசிக்கிறேன் என்பது உறைத்ததும் காரை மறித்திருந்த கையை எடுத்துவிட்டேன்.

“நான் பிள்ளைங்களை வெறுக்கறவ இல்லம்மா,” என்றார் அவர், என் தோளைத் தொட்டு. “பிள்ளைங்க மாறிக்கிட்டே இருக்காங்க. அதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. ஒண்ணை அளந்து எழுதிட்டு நிமிர்ந்து பாக்கறதுக்குள்ள அது வேற பிள்ளையாயிடுது. அப்புறம் நாங்க அளந்ததுக்கு என்னதான் மதிப்பு? ஒரு பிள்ளையாவது நின்னாத்தானே மத்தப் பிள்ளைங்க எங்க போகுதுன்னு தெரியும்? நாங்க கல்விக்குச் செய்யற தியாகம் வெளிய யாருக்கும் புரியறதில்ல.”

யாருடைய பிள்ளையைத் தியாகம் செய்கிறார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. கார் கிளம்பிப் போனது.

அந்த வாரம்தான் இண்டி கேட்டாள். நான் கொதிக்கிற குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

“அம்மா, உப்பு ஏன் பள்ளத்துல மட்டும் வருது?”

டாரில் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான். நான் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் நிலத்தில் எங்கள் வீட்டில் எங்கள் மகள் ஒரு கேள்வி கேட்டதற்கு இரண்டு பேரும் திருடர்கள்போல் நின்றோம்.

“ஏன்னு கேக்காதடி கண்ணு,” என்றான் டாரில், கெஞ்சும் குரலில். “எவ்வளவுன்னு கேளு. எப்பன்னு கேளு. அதெல்லாம் நடுதான்.”

“எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்பா. நான்தானே அளந்தேன்.”

“அப்ப அதோட விடு.”

அவள் விடவில்லை. தாளில் எழுதினால் மாட்டிக்கொள்வாள் என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது. பள்ளம் முழுக்க வெள்ளையாக, தட்டையாகக் கிடந்தது. அங்கே போய் ஒரு குச்சியால் உப்பில் கோடு போட்டுக் கணக்குப் பார்ப்பாள். முடிந்ததும் பூட்ஸ் காலால் அழித்துவிட்டு வருவாள். பூட்ஸ் ஓரத்தில் படிந்த வெள்ளையை நான் தினமும் துடைத்து வைப்பேன். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பயம் ஒரு பக்கம் இருந்தாலும், அந்தப் பூட்ஸைத் துடைக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

டிசம்பர் வந்தது. பள்ளிக்கூட வருஷத்தின் கடைசி நாள், வெயில் மண்டையைப் பிளந்தது. ஒவ்வொரு பண்ணையின் கேட்டிலும் பிள்ளைகளை இறக்கிவிட்டு நானும் இண்டியும் வீட்டுக்கு வந்தோம். வெள்ளைக் கார் வரவில்லை. ஹாலில் பாட்டு இல்லை. கோப்பு கிழியப்போகிறது. சட்டையை மாற்றாமல்கூட இண்டி பள்ளத்துக்கு ஓடினாள்.

“அம்மா, வா. இன்னிக்கு ஒரு தடவை மட்டும் பாரு.”

போய்ப் பார்த்தேன். நெட்பால் மைதானம் அளவுக்கு உப்பில் எங்கள் நிலம் முழுவதையும் வரைந்திருந்தாள். மேட்டில் வேலி, நான்கு பக்கமும் விடாமல். வேலிக்குள் வட்டம் வட்டமாக, ஒரு காலத்தில் நின்ற மாலி மரங்கள். அங்கிருந்து மண்ணுக்குள் இறங்கும் அம்புகள், அடியில் ஊர்ந்து பள்ளத்தில் மேலே வரும் அம்புகள்.

“இங்க மரமெல்லாம் இருந்தப்ப மழைத் தண்ணியை அதுங்க குடிச்சுது. அப்புறம் யாரோ எல்லாத்தையும் வெட்டிக் கோதுமை போட்டாங்க. கோதுமை அவ்வளவு குடிக்காது. மிச்சத் தண்ணி கீழ போய் அடியில கிடக்கற உப்பைத் தூக்கிக்கிட்டு இங்க வருது. அதனாலதான்மா பள்ளத்துல. மேட்டுல மறுபடி மரம் வெச்சா நின்னுடும்.”

அதனாலதான். அவளுடைய எந்த மாதிரியிலும் இல்லாத வார்த்தை. இவள் அப்பா இத்தனை வருஷம் அந்தப் பள்ளத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை. நானும்தான். அவள் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தேன்.

அப்போது கேட்டருகில் புழுதி எழும்பியது. வெள்ளைக் கார்.

“விடுதி,” என்றாள் இண்டி.

“அழி,” என்றேன்.

அவள் மேட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கினாள், நான் பள்ளத்துப் பக்கத்திலிருந்து. குதிகாலால் தேய்த்தோம். அம்புகளை இழுத்து இழுத்து அழித்தோம். மரங்கள் லேசில் அழியவில்லை, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் நின்று சுழல வேண்டியிருந்தது. நான் வழுக்கினேன், அவள் என் கையைப் பிடித்துத் தூக்கினாள். பிடித்த கையை விடாமலே இருவரும் பக்கவாட்டில் ஓடி வேலியைக் கலைத்தோம். மூச்சு வாங்கியது, கண்ணில் உப்பு பறந்தது. கடைசி அம்பின் மேல் அவள் குதித்தாள், நானும் குதித்தேன்.

நிமிர்ந்தபோது டாக்டர் விண்ட்லர் சரிவில் நின்றிருந்தார். டேப்லெட் உயர்ந்திருந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார்.

“இத்தனை மாசமா இதை எங்கிட்டேருந்து ஒளிச்சு வெச்சிருந்தீங்களா?” என்றார்.

பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். காலடியில் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை, வெறும் கலைந்த உப்புதான்.

“நேர்க்கோடு, வட்டம், அம்மாவோட சேந்து ஒரு கூட்டு அசைவு. இடத்தை எப்படிப் பயன்படுத்தியிருக்கா பாருங்க. நான் சும்மா கோப்பை மூடறதுக்குக் கையெழுத்து வாங்கத்தான் வந்தேன்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டினார். தட்டியதைச் சத்தமாகப் படித்தார். “மாணவியின் கால்களில் அவசரம் தெரிகிறது. ஏன் என்று தெரியவில்லை. திருப்திகரம்.” பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நிரந்தரம். பிப்ரவரியில பாக்கலாம் கண்ணு. அதே வகுப்பு, அதே நாற்காலி.”

இண்டி அவரை நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் வெள்ளையாக இருந்தது. அவள் வாய் திறப்பது எனக்குத் தெரிந்தது.

“அது நடனமே இல்ல,” என்றாள். “ஏன்னா…”

நான் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினேன். அவள் திமிறினாள். உள்ளங்கைக்குள் அவள் உதடு இன்னும் பேசிக்கொண்டிருந்தது. நான் கையை எடுக்கவில்லை, கார் கேட்டைத் தாண்டிப் போகும் வரை.